இருட்டில் படமெடுக்க லென்ஸ் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

மெழுகுவத்தியை ஊதி அணைக்கும் குழந்தையின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்சுவரில் ஒட்டிய காகிதப் பூவின் மடிப்புகூடத் துல்லியமாக விழுந்திருக்கிறது. மேசை விரிப்பின் நூலை எண்ணலாம். குழந்தையின் முகம்தான் இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பட்டையாக ஓர் இழுப்பு. எடுத்தது எஃப் 4 ஜூம் லென்ஸில். ஸ்டெபிலைசேஷன் நான்கு ஸ்டாப் வரை (ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்) கைகொடுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி வாங்கியது. பெட்டி பொய் சொல்லவில்லை. என் கை நடுக்கத்தை லென்ஸ் நன்றாகவே அடக்கியிருக்கிறது, சுவரே சாட்சி. குழந்தை ஊதுவதற்காகத் தலையை முன்னால் கொண்டுபோனதை அது எப்படி அடக்கும்?

வெளிச்சம் குறைந்த இடத்துக்கு லென்ஸ் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: அசையப்போவது எது? எதிரில் இருப்பவரா, என் கையா, இரண்டுமே இல்லையா? இதை யோசிக்காமல் லென்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் எஃப் எண்ணை (எண் சிறிதானால் ஒளி நுழையும் திறப்பு பெரிது) மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். மற்ற தவறுகள் பலவும் இதற்குப் பிறந்தவைதான்.

அந்தப் படத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஃப் 4, ஐஎஸ்ஓ (படம் பதியும் சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1600, ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/15 நொடி. அசையாத மேசைக்கு 1/15 போதும், ஆடும் தலைக்குப் போதாது. அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளி உள்ளே வந்திருக்கும். ஷட்டர் 1/80க்குப் போயிருக்கும். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் 1/160. முகம் கிடைத்திருக்கும். விளையாடும் பிள்ளைகள், நடனம், மேடை இவற்றுக்கெல்லாம் ஸ்டெபிலைசேஷனை நம்பி லென்ஸ் வாங்குவது வீண். அங்கே பெரிய அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் பெரிய திறப்புதான் வேலை செய்யும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரவில் கட்டடங்களையும் பாலங்களையும் எடுக்கப்போகிறேன் என்று எஃப் 1.4 லென்ஸ் தேடுபவர்கள். கட்டடம் எங்கும் ஓடிப்போகாது. ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, எஃப் 8 வைத்து, பத்து நொடி திறந்து வைத்தால் கேமராவோடு வந்த கிட் லென்ஸே அருமையாக எடுக்கும். சின்ன அப்பர்ச்சரில் தெருவிளக்குகள் நட்சத்திரம் போலக் கதிர்விட்டுத் தெரிவது கூடுதல் அழகு. அந்த வேலைக்கு லென்ஸுக்கான பணத்தை நல்ல ட்ரைபாடில் போடுங்கள். ட்ரைபாடில் வைத்ததும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுவது நல்லது. சில லென்ஸ்களில் அதுவே இல்லாத நடுக்கத்தைத் தேடிப் படத்தை அசைத்துவிடும்.

எஃப் எண்ணில் மயங்குவது

குவிய நீளத்தை அப்பர்ச்சரின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் உள்ளே சுமார் 28 மி.மீ. அகலத்துக்கு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். 1, 1.4, 2, 2.8, 4, 5.6 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒளி பாதியாகும். ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்.

கிட் லென்ஸில் ‘18-55, 3.5-5.6’ என்று போட்டிருப்பதில் பலரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். 3.5 என்பது அகலக் கோணத்தில்தான். முகம் எடுக்க 55க்கு இழுத்தால் கையில் இருப்பது எஃப் 5.6. எஃப் 1.8 லென்ஸோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு ஒளி. அதனால் கிட் லென்ஸிலிருந்து எஃப் 1.8 பிரைமுக்கு (ஜூம் இல்லாத, ஒரே குவிய நீளம் உள்ள லென்ஸ்) போகும் முதல் தாவல் மிகப் பெரியது. வாங்கிய அன்று மாலையே வித்தியாசம் தெரியும்.

அதற்கு மேல் ஏறும் படிகள்தான் ஆசை காட்டி மோசம் செய்பவை. 1.8லிருந்து 1.4க்குப் போனால் கிடைப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப். 1.4லிருந்து 1.2க்கு அரை ஸ்டாப்கூட இல்லை. கேனன் ஆர்எஃப் வரிசையில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் எடை 160 கிராம். அதே வரிசையின் எஃப் 1.2 லென்ஸ் 950 கிராம். எடை ஆறு மடங்கு, ஒளியோ இரண்டே கால் மடங்கு. அதாவது ஐஎஸ்ஓ 3200 வைக்கும் இடத்தில் 1600க்குக் கொஞ்சம் கீழே வைக்கலாம், அவ்வளவுதான். அந்த லென்ஸின் பின்னணி மங்கல் வேறு ரகம் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, உண்மையிலேயே அழகாக இருக்கும். ஆனால் இருட்டைச் சமாளிக்க என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

இன்னொன்று, எஃப் எண் ஒரு வடிவியல் கணக்கு மட்டுமே. கண்ணாடிகளைக் கடந்து சென்சாருக்கு உண்மையில் எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறது என்பதை டி எண் சொல்லும். சாதாரண லென்ஸ்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் சோனியின் 100 மி.மீ. எஸ்டிஎஃப் லென்ஸில் எஃப் 2.8, டி 5.6. மங்கலை வழவழப்பாக்க உள்ளே ஒரு கருமை வடிகட்டி வைத்திருப்பதால் ஒளியில் இரண்டு ஸ்டாப் அங்கேயே தங்கிவிடுகிறது. எஃப் 2.8தானே என்று இருட்டான அரங்குக்கு அதைத் தூக்கிப் போனால் கிட் லென்ஸோடு நிற்பது போலத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு கண்ணுக்கு மட்டும் ஃபோகஸ்

புது எஃப் 1.4 லென்ஸ் வாங்கியவரின் முதல் நூறு படங்களைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். எல்லாமே முழுதாகத் திறந்து எடுத்தவை. பணம் கொடுத்து வாங்கியதை ஏன் மூட வேண்டும் என்ற நியாயம்தான். விளைவு என்ன? இடது கண் கூர்மை, வலது கண் மங்கல், காது எங்கேயோ.

பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து காது வரை பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். எடுப்பவர் மூச்சுவிட்டு லேசாக முன்னால் சாய்ந்தாலே ஃபோகஸ் கண்ணிலிருந்து புருவத்துக்கு நழுவிவிடும். கேமராவின் சின்னத் திரையில் இது தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போது வயிறு எரியும்.

கூட்டப் படம் இன்னும் மோசம். 50 மி.மீ., எஃப் 1.4, மூன்று மீட்டர் தூரம் என்றால் கூர்மை ஆழம் முப்பது சென்டிமீட்டர் மட்டுமே. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் இடையே அரை மீட்டராவது இருக்கும். முன்வரிசை தெளிவாக இருந்தால் பின்வரிசை பஞ்சுமிட்டாய். எஃப் 2.8க்கு மூடினால் ஆழம் அறுபது சென்டிமீட்டர் ஆகும், தப்பிக்கலாம்.

நீங்கள் எடுப்பது பெரும்பாலும் கூட்டப் படங்கள் என்றால் எப்படியும் எஃப் 2.8க்கு வந்து நிற்கத்தான் போகிறீர்கள். அப்போது எஃப் 1.4க்கு எதற்குப் பணம்? ஒரு எஃப் 2.8 ஜூமும், கூரையில் ஒளியைப் பட்டுத் தெறிக்கவிடும் ஃப்ளாஷும் அதைவிட நன்றாக உழைக்கும். தனி ஆட்களை, ஜன்னலோரத்தில், விளக்கடியில் எடுப்பவர்களுக்குக் கணக்கே வேறு.

அறைக்குப் பொருந்தாத நீளம்

முகம் எடுக்க 85 மி.மீ.தான் என்று எங்கேயோ படித்துவிட்டு, அதை ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டுபவர்கள் உண்டு. அந்தச் சின்ன சென்சாரில் அது ஃபுல் ஃப்ரேமின் 127 மி.மீ. போல நடந்துகொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் முதுகு சுவரில் இடித்த பிறகும் பாதி முகம்தான் வரும். நீளம் கூடக்கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் நேரம் ஒன்றின் கீழ் குவிய நீளம் என்பது பழைய கை விதி. 35க்கு 1/35 நொடி போதும் என்றால் 127க்கு 1/127 வேண்டும். அதாவது நீளமான லென்ஸைக் கையில் எடுத்ததுமே கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் கைவிட்டுப் போகிறது, எஃப் எண் என்னவாக இருந்தாலும். வீட்டுக்குள் எடுக்க ஏபிஎஸ்-சியில் 23 அல்லது 24, ஃபுல் ஃப்ரேமில் 35. முதல் லென்ஸ் இதுவாக இருந்தால் வருத்தப்படமாட்டீர்கள்.

சென்சார் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவின் 25 மி.மீ. எஃப் 1.4 லென்ஸும் ஃபுல் ஃப்ரேமின் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸும் ஒரே ஷட்டர் வேகத்தைத்தான் காட்டும். ஆனால் சென்சாரின் பரப்பு கால் பங்கு என்பதால் மொத்தமாகச் சேரும் ஒளியும் கால் பங்கு. நாய்ஸும் (படத்தில் மணல் போலத் தெரியும் புள்ளிகள்) பின்னணி மங்கலும் ஃபுல் ஃப்ரேமில் எஃப் 2.8 வைத்தது போல இருக்கும். சின்ன சென்சார் மோசம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு கேமராக்களின் லென்ஸ்களை ஒரே எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள் என்கிறேன்.

மேடை நிகழ்ச்சிக்கு 70-200 எஃப் 2.8 தவிர வேறு வழியே இல்லை என்பதும் அப்படி ஒரு நம்பிக்கைதான். 135 மி.மீ. எஃப் 1.8 பிரைமின் திறப்பு 75 மி.மீ., 200 மி.மீ. எஃப் 2.8இன் திறப்பு 71 மி.மீ. 135இல் எடுத்து, 200இல் தெரியும் அளவுக்கு வெட்டினாலும் சேர்ந்த ஒளி குறையாது, பிக்சல்தான் பாதிக்கு மேல் போகும். திரையில் பார்க்கும் படத்துக்கு அது போதும். இடத்தை விட்டு நகர முடியாது, குழுவையும் முகத்தையும் மாறிமாறி எடுக்க வேண்டும் என்றால் ஜூம்தான், அதில் மறுபேச்சே இல்லை.

நட்சத்திரம் எடுக்கப் போகிறவர்களுக்கு

விண்மீன்களுக்கு அகலமான, பெரிய திறப்பு வேண்டும் என்பது சரி. 24 மி.மீ. லென்ஸில் இருபது நொடிக்கு மேல் திறந்து வைத்தால் பூமி சுற்றுவதால் புள்ளிகள் கோடாகும். 500ஐக் குவிய நீளத்தால் வகுக்கும் கணக்கு இது. பிக்சல் நெருக்கமான இன்றைய கேமராக்களில் அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. ஆனால் எஃப் 1.4 என்றதும் பாய்ந்துவிடாதீர்கள். பல லென்ஸ்களில் முழுத் திறப்பில் ஓரத்து விண்மீன்கள் இறக்கை விரித்த பறவை போல இழுபடும். கோமா என்பார்கள். முகம் எடுக்கும்போது அது கண்ணில் படாது, வானத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. எஃப் 2.8க்கு மூடினால்தான் சரியாகும் எஃப் 1.4 லென்ஸைவிட, எஃப் 1.8லேயே ஓரம் வரை சுத்தமாக இருக்கும் லென்ஸ் மேல். வாங்கும் முன் தொலைவில் இருக்கும் ஒற்றை விளக்கைப் படத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை வைத்து எடுத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிடக் கெட்டிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது, வேறு பிரதி கேளுங்கள்.

அப்புறம், லென்ஸைக் காப்பாற்ற மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரை இரவில் கழற்றிவிடுங்கள். தட்டையான அந்தக் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடையே ஒளி எதிரொளித்து, தெருவிளக்குகளின் பேய்ப் பிம்பம் தலைகீழாகப் படத்தில் மிதக்கும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போன ஆளை எனக்குத் தெரியும், முகம் பார்க்கும் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

எஃப் 0.95 என்று எழுதி மலிவாக வரும் லென்ஸ்களில் பெரும்பாலும் ஆட்டோஃபோகஸ் இருக்காது. திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் திருப்ப வேண்டும். அசையாத பொருளுக்கு ஜாலியான விளையாட்டு, ஓடும் பிள்ளைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே செய்ய முடியாது.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். இரண்டு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி முன்பக்கமாகப் பாருங்கள். நான்கைந்து தூசிகளால் ஒன்றும் ஆகாது. சிலந்தி வலை போலக் கிளைவிட்டுப் பூஞ்சை தெரிந்தாலோ, கண்ணாடி முழுக்கப் பால் தெளித்த மாதிரி மூட்டமாக இருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். பகலில் அந்த மூட்டம் தெரியாமல் போகலாம். இரவில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் புகை போட்டது போல ஒளி கசிந்து, கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகும்.