உங்கள் தெரு ஹோர்டிங்குக்கு உரிமம் இருக்கிறதா? மும்பைத் தமிழர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

2024 மே 13 என்றதும் எனக்குப் புழுதிதான் முதலில் நினைவுக்கு வரும். செம்பூர் செட்டா நகரில் குடியிருக்கிறேன். திங்கட்கிழமை, மாலை நாலரை மணி இருக்கும். கொடியில் கிடந்த துணிகளை எடுத்து முடிப்பதற்குள் வானம் செம்மண் நிறமாகிவிட்டது. சற்று நேரத்தில் கிழக்கு விரைவு நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கியது. காட்கோபர் பெட்ரோல் பங்க் ஒன்றின் மீது ராட்சத ஹோர்டிங், அதாவது விளம்பரப் பலகை, சரிந்து 17 பேர் இறந்துபோனார்கள். காயமடைந்தவர்கள் 70 பேருக்கும் மேல்.

அந்தப் பலகை 120 அடி உயரம், 120 அடி அகலம். மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40. பரப்பளவில் பார்த்தால் ஒன்பது மடங்கு. பஸ்ஸில் எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். 'அடேயப்பா' என்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அது எத்தனை அடி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வக்கீல் படிப்பு வேண்டாம்; ஒரு குடை, ஒரு டேப், பத்து ரூபாய் ஸ்டாம்ப் இருந்தால் போதும்.

முதல் படி: எந்த வகை என்று பாருங்கள்

இரும்புத் தூண்கள் மேல் நிரந்தரமாக நிற்பது ஹோர்டிங். அது மாநகராட்சிச் சட்டத்தின் 328, 328ஏ பிரிவுகளின்கீழ் வருகிறது. உரிமம் தருவது மாநகராட்சியின் உரிமத் துறை. விளக்குக் கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கும் பிறந்தநாள் வாழ்த்து, தஹி ஹண்டி (உறியடி) பேனர் எல்லாம் வேறு கதை. அனுமதியில்லாமல் கட்டினால் மகாராஷ்டிரத்தின் 1995ஆம் ஆண்டு சொத்துச் சீர்குலைப்புத் தடுப்புச் சட்டம் பாயும்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேனராக இருந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை. படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு 1916 என்ற எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் சொல்லிவிடுங்கள்.

கடையின் பெயர்ப் பலகை மூன்றாவது வகை. அதில் மராத்தி எழுத்து மற்ற எழுத்துகளைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பது விதி. கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதித்தபோது பெயிண்டர் கிடைக்காமல் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: ஓரத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

விளம்பரத்தில் இருக்கும் நகைக்கடையையோ நடிகரையோ விட்டுவிடுங்கள். அவை அடுத்த மாதம் மாறிவிடும். பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் உரிம எண்ணும் உரிமம் பெற்ற விளம்பர நிறுவனத்தின் பெயரும் இருக்க வேண்டும். கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணே இல்லையென்றால், அதுவே எழுத வேண்டிய முதல் புகார்.

மூன்றாம் படி: அளந்து பாருங்கள்

பலரும் தயங்குவது இங்கேதான். பலகை மேல் யாரும் ஏற வேண்டாம், காம்பவுண்டுக்குள் நுழையவும் வேண்டாம்.

அகலம் எளிது. நடைபாதையில் பலகையின் ஒரு முனைக்கு நேர் கீழே நின்று, மறுமுனை வரை சாதாரணமாக நடந்து காலடிகளை எண்ணுங்கள். என் காலடி இரண்டரை அடி. 16 எட்டு வைத்தால் 40 அடி. உங்கள் காலடி எவ்வளவு என்று வீட்டிலேயே டேப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு நிழல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் பையன் கார்த்திக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். எங்கள் பகுதியில் நிற்கும் ஒரு ஹோர்டிங்கின் நிழல் அந்த நேரத்தில் காலி மைதானத்தில் விழுகிறது. கையோடு கொண்டுபோனது அப்பாவின் பழைய, கைப்பிடி வளைந்த குடை. நீளம் சரியாக மூன்று அடி. அதைத் தரையில் செங்குத்தாக நிறுத்தினோம். அதன் நிழல் மூன்றே முக்கால் அடி. அதாவது நிழலின் நீளத்தில் பத்தில் எட்டுப் பங்குதான் உண்மையான உயரம்.

அடுத்து பலகையின் நிழல். வலப்பக்கத்து மேல் மூலையின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு செங்கல், அதே பக்கத்துக் கீழ் மூலையின் நிழல் விழுந்த இடத்தில் இன்னொன்று.

"அங்கிள், தூணையும் சேர்த்து அளக்க வேண்டாமா?" என்றான் கார்த்திக்.

நல்ல கேள்வி. 40 அடி என்ற வரம்பு பலகைக்கு. தூண் அதில் சேராது. அதனால்தான் இரண்டு மூலைகள். செங்கல்களுக்கு இடையே 50 அடி வந்தது. ஐம்பதில் பத்தில் எட்டுப் பங்கு 40. குடை நிழல், பலகை நிழல் இரண்டையும் பத்து நிமிடத்துக்குள் அளந்துவிடுங்கள், சூரியன் காத்திருக்காது. தரை மேடு பள்ளமாக இருந்தால் கணக்கு தவறும். நிழல் நெடுஞ்சாலையில் விழுந்தால் இந்த வேலையே வேண்டாம். பக்கத்துக் கட்டடத்தின் மாடிகளை எண்ணுங்கள். ஒரு மாடி சுமார் பத்து அடி. தூணை விட்டுப் பலகை மட்டும் நான்கு மாடி உயரத்தைத் தாண்டினால் சந்தேகப்படலாம். காட்கோபரில் விழுந்தது பன்னிரண்டு மாடி உயரம்!

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? காற்றின் வேகம் இரு மடங்கானால் பலகை மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். மாட்டுங்காவில் இருக்கும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி நிபுணர்கள் காட்கோபர் பலகையை ஆராய்ந்தபோது, அது மணிக்கு 49 கிலோமீட்டர் வேகக் காற்றைத்தான் தாங்கும் நிலையில் இருந்தது என்று தெரிந்தது. தாங்கியிருக்க வேண்டியதோ 158 கிலோமீட்டர். வேகக் கணக்கில் மூன்று மடங்கு; அழுத்தக் கணக்கில் பத்து மடங்குக்கும் மேல். இதைத் தெருவில் நின்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. கடைக்கால் மண்ணுக்குள் இருக்கிறது. அதற்குத்தான் பொறியாளர் தரும் கட்டமைப்பு உறுதிச் சான்றிதழ் என்ற ஒரு தாள் இருக்கிறது. நாம் தேடிப் போக வேண்டியது அந்தத் தாளை.

நான்காம் படி: நிலம் யாருடையது, வார்டு எது

காட்கோபர் பலகை நின்றது மாநில ரயில்வே காவல் துறையின் வசம் இருந்த நிலம். தன்னிடம் அனுமதி பெறவில்லை என்றது மாநகராட்சி. மும்பையில் ரயில்வே, துறைமுகம், எம்.எம்.ஆர்.டி.ஏ. (பெருநகர வளர்ச்சி ஆணையம்), மாடா (வீட்டுவசதி வாரியம்) என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் எஜமானர் உண்டு. எனவே பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: தண்டவாளமா, மேம்பாலமா, ஹவுசிங் சொசைட்டியா?

மனு கொடுக்க வேண்டிய மாநகராட்சி வார்டு: செம்பூருக்கு எம் மேற்கு, காட்கோபருக்கு என், மாட்டுங்கா கிழக்குக்கும் சயானுக்கும் எஃப் வடக்கு, தாராவிக்கு ஜி வடக்கு.

ஐந்தாம் படி: தகவல் உரிமை மனு

என் முதல் மனுவை நானே கெடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கம். ஹோர்டிங், குப்பை, நடைபாதைக் கடை எல்லாவற்றையும் சேர்த்து, 'மக்கள் உயிர் என்றால் உங்களுக்கு விளையாட்டா?' என்று முடித்திருந்தேன். மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரு பொருள்தான். பொதுவாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். 'ஏன்' என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது. கோப்பில் இருக்கும் தாளைக் கேட்டால் கிடைக்கும். இரண்டாவது மனு இப்படி இருந்தது:

பொருள்: இன்ன சாலையில், இன்ன கட்டடத்துக்கு எதிரே உள்ள விளம்பரப் பலகை, உரிம எண் இன்னது.
காலம்: 2023 ஏப்ரல் 1 முதல் இன்று வரை.
வேண்டியவை: 1. உரிமத்தின் நகல். 2. அனுமதிக்கப்பட்ட நீள அகலம். 3. கட்டமைப்பு உறுதிச் சான்றிதழின் நகல்.

அவ்வளவுதான். தமிழில் எழுதினால் இங்கே செல்லாது; மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றில் ஒன்றில் எழுதுங்கள். பள்ளியில் மராத்தி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அரை மணி நேர வேலை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வார்டு அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்குக் கொடுத்து, இரண்டாவது பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள். இடம் மாறிக் கொடுத்துவிட்டாலும் பயமில்லை. உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளில் அனுப்பிவைப்பது அவர்கள் கடமை. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் இருபது ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மின்திரைப் பலகை என்றால்

இங்கே உயரத்தோடு ஒளியும் சேர்ந்துகொள்கிறது. விபத்துக்குப் பிறகு 2024இல் மாநகராட்சி வெளியிட்ட வரைவுக் கொள்கையிலேயே இரவு 11 மணிக்கு மேல் அணைக்க வேண்டும் என்ற யோசனை வந்துவிட்டது. எதிர்வீட்டுச் சுவர் இரவெல்லாம் சிவப்பும் நீலமுமாக மாறுகிறது என்றால், வெறும் படம் எடுத்துப் பயனில்லை. ஒரு நிமிடக் காணொளி எடுங்கள். அதில் உங்கள் வீட்டுக் கடிகாரமும் தெரியட்டும். மனுவில் மேலே சொன்ன மூன்றோடு, போக்குவரத்துக் காவல் துறை தந்த தடையில்லாச் சான்றின் நகலையும் கேளுங்கள். ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும் பலகையை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது அதில் தெரியும்.

எங்கள் ஹோர்டிங் என்ன ஆயிற்று என்கிறீர்களா? 27ஆம் நாள் உறை வந்தது. உரிமம் செல்லுபடியாகிறது. அளவு 40க்கு 40, குடைக் கணக்கு தப்பவில்லை. சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்ற எனக்குச் சற்று ஏமாற்றம்தான். உறுதிச் சான்றிதழும் இருந்தது. அது காலாவதியாகும் தேதியைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் ஸ்டாம்பையும் குத்தி வைத்திருக்கிறேன்.