ரீகாவில் நான்கு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாத்வியாவின் தலைநகர் ரீகாவுக்குப் போகிறவர்களின் முதல் தவறு டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. நான்கு நாளில் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ், ரீகா, எஸ்டோனியத் தலைநகர் தாலின் மூன்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். வரைபடத்தில் மூன்றும் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் ரீகாவிலிருந்து மற்ற இரண்டும் தலா 300 கி.மீ. அளவில் இருக்கின்றன, பேருந்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. நான்கு நாள் என்றால் நகரத்துக்கு இரண்டு, சுற்றியுள்ள கிராமப்புறத்துக்கு இரண்டு. அவ்வளவுதான்.

நகரத்துக்குள், பழைய நகரோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. எல்லோரும் படமெடுக்கும், கருந்தலையர் என்ற வணிகர் சங்கத்தின் மாளிகை 1941இல் போரில் சிதைந்து, 1948இல் இடித்துத் தள்ளப்பட்டு, 1990களில் மறுபடி கட்டப்பட்டது. உண்மையான பழமையும் அழகும் கலந்து நிற்பது அங்கிருந்து இருபது நிமிட நடையில், அல்பெர்ட்டா தெருவில். திரை இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைனின் தந்தை மிகயில் வடிவமைத்த ஆர்ட் நூவோ (வளைகோடுகளும் அலங்காரச் சிற்பங்களும் நிறைந்த கட்டடப் பாணி) வீடுகள் வரிசையாக இருக்கின்றன. 12ஆம் எண் வீட்டு அருங்காட்சியகத்தின் சுழல் படிக்கட்டைத் தவறவிடாதீர்கள். நகரின் அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அந்த நாளை வெளியூருக்கு ஒதுக்குவது நல்லது.

1930இல் திறந்த மத்தியச் சந்தைக்கு மாலையில் போனால் பாதிக் கடைகள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். செப்பலின் என்ற வான்கப்பல்களை நிறுத்திய கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டு எழுப்பியவை சந்தையின் கூடங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குப் போங்கள். சைவக்காரர்கள் கவனிக்க: பிராகி என்ற சிறிய பிறை வடிவ பன்னுக்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். சாம்பல் பட்டாணியும் பன்றிக் கொழுப்போடுதான் வரும். இளஞ்சிவப்புப் பீட்ரூட் குளிர் சூப்பில் முட்டை இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கலாம், அதையும் சேர்த்தே சொல்லுங்கள். உருளைக்கிழங்கு அடையும் கம்பு ரொட்டியும் கைகொடுக்கும்.

கிராமப்புறத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கௌயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சிகுல்டா ஊரையும் ருண்டாலே அரண்மனையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். முன்னது வடகிழக்கே, பின்னது தெற்கே. பேருந்தை நம்பியிருப்பவர்கள் ரீகாவுக்குத் திரும்பி வந்துதான் மறுபடி கிளம்ப வேண்டும்.

சிகுல்டாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இறங்கியதும் பலர் நேராகக் கேபிள் காருக்குப் போய், கௌயா ஆற்றைக் கடந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, களைத்துப்போன நேரத்தில் துரைடா கோட்டைக்கு ஏறுகிறார்கள். பிறகு திரும்பும் பேருந்துக்கு நெடுநேரம் காத்திருப்பு. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். நிலையத்திலிருந்து காலையிலேயே பேருந்தில் துரைடா. 1214இல் தொடங்கிய செங்கல் கோட்டையைப் பார்த்துவிட்டு, இறக்கத்தில் நடந்து குட்மன் குகை. பிறகு வளைந்து ஏறும் பாதையில் கிரிமுல்டா. அங்கிருந்து கேபிள் காரில் சிகுல்டா பக்கம் வந்துவிடலாம். பேருந்து நேரம் பார்க்க வேண்டியதில்லை. காற்று பலமாக இருந்தால் கேபிள் கார் நிற்கும். அதனால் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ருண்டாலேவுக்கு ரீகாவிலிருந்து பௌஸ்கா என்ற ஊர் வரை போய், அங்கே பேருந்து மாற வேண்டும். இறங்கும் இடத்தின் பெயர் பில்ஸ்ருண்டாலே. வெறும் ருண்டாலே என்பது வேறு கிராமம். அங்கே இறங்கினால் நடைதான். இறங்கியவுடன் முதல் வேலை, திரும்பும் பேருந்தின் நேரத்தைப் படமெடுத்துக்கொள்வது. அரண்மனை, 1736இல் கட்டடக் கலைஞர் ரஸ்த்ரெல்லி தொடங்கியது; பீட்டர்ஸ்பர்கின் குளிர்கால அரண்மனையைக் கட்டியவரும் அவரே. உள்ளறைகளை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடாமல் பிரெஞ்சுத் தோட்டத்துக்கும் டிக்கெட் எடுங்கள். ரோஜாவுக்காகவே போவதானால் ஜூன் கடைசியும் ஜூலையும் ஏற்றவை.

பருவம் பற்றி: டிசம்பரில் ஒன்பது மணிவாக்கில் விடிந்து, நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும்; அந்த மாதத்தில் வெளியூர் வேண்டாம். ஜூன் 23, 24 லீகோ என்ற கோடை நடுநாள் விழா விடுமுறை. நகரமே கிராமங்களுக்குப் போய்விடுவதால் கடைகளும் பேருந்துகளும் குறையும்.

கோடையில் புல்லிலும் காட்டிலும் நடப்பவர்கள் உண்ணிகளை அலட்சியப்படுத்துகிறார்கள். இங்கே அவை லைம் நோயையும் மூளை அழற்சியையும் பரப்பக்கூடியவை. மூளை அழற்சிக்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் வாரங்கள், மாதங்கள் இடைவெளிவிட்டுப் பல தவணை என்பதால் புறப்படும் வாரத்தில் போட்டுப் பலனில்லை. முழுக்கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு, இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவவோ சூடு வைக்கவோ வேண்டாம். முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு காய்ச்சலோ வட்டமாகச் சிவப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக் கடியைச் சொல்ல வேண்டும், ஊர் திரும்பிய பிறகானாலும்.