பழச்சாற்றில் பூ மணம்

பழச்சாறு தயாராகி, குளிர்ந்த பிறகே ரோஜாப் பன்னீரைச் சேர்க்க வேண்டும். சூடான சர்க்கரைப் பாகில் ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். ஒரு தம்ளர் தர்ப்பூசணிச் சாற்றுக்கு அரை தேக்கரண்டி பன்னீர், சில துளி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு போதும். மாதுளைக்கும் இதே அளவு பொருந்தும்.

தாழம்பூ நீர் இன்னும் காரமான மணம் உடையது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் தாழம்பூக்களிலிருந்து வடித்தெடுக்கிறார்கள். அன்னாசி, முலாம்பழச் சாறுகளுக்கு இது அருமை. தம்ளருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். எசன்ஸ் என்றால் ஒரு துளியே அதிகம். மாம்பழத்துக்கு மட்டும் எந்தப் பூவும் வேண்டாம் என்பது என் கட்சி. அதன் மணத்தோடு போட்டி போடுவது வீண்.

செம்பருத்தி மணத்துக்காக அல்ல, நிறத்துக்காக. காம்பும் மகரந்தத் தண்டும் நீக்கிய சிவப்பு இதழ்களை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்தால் மங்கிய ஊதா நீர் பளீரென்று சிவக்கும். அதைத் திராட்சைச் சாற்றில் கலக்கலாம்.

வாங்கும்போது சீட்டைப் படியுங்கள்: கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீரும் முகத்துக்குப் பூசுவதும் குடிப்பதற்கானவை அல்ல. உணவுக்கு உரியது என்று அச்சிட்டிருக்க வேண்டும்.