‘மிக்ஸிங்ல பாத்துக்கலாம்’: ஹோம் ஸ்டுடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் பல தெருக்களில் ஏதாவது ஒரு மாடி அறை ஸ்டுடியோவாக மாறியிருக்கும். லேப்டாப், இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்ஃபோன். இதை வைத்துக்கொண்டு வெளியிடத் தகுந்த தரத்தில் ஒரு பாட்டு செய்ய முடியும் என்பது உண்மைதான். வீட்டை ஒட்டிய ஸ்டுடியோ சென்னைக்குப் புதிதும் இல்லை, ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன் 1989-ல் கோடம்பாக்கத்தில் அப்படித்தான் தொடங்கியது.

ஆனால் இந்த மாடி அறைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: “விடுங்க ப்ரோ, மிக்ஸிங்ல பாத்துக்கலாம்.” பின்னால் ஃபேன் சத்தம் கேட்டாலும் அதே பதில், சுருதி விலகினாலும் அதே பதில். பிறகு மிக்ஸிங்கில், அதாவது பதிவானவற்றைச் சேர்த்துச் சமன்செய்யும் கட்டத்தில், உட்கார்ந்து ஒலியைத் திருத்தும் துணை மென்பொருளான ஆறாயிரம் ரூபாய் பிளக்-இன்னைத் தேடுவார்கள். என் கணக்கில், ஒரு பாட்டு கெடுவதில் பெரும்பங்கு ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

அறையிலிருந்து ஆரம்பிப்போம். நம் ஊர் அபார்ட்மென்ட்டில் கிடைப்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை. ஸ்டுடியோவுக்குச் சதுர அறையைப் போல மோசமானது வேறில்லை. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே சுவர் இருந்தால் சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி நின்று அதிரும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு திசையிலும் அதே இடத்தில் அதிரும். கிக் டிரம்மும் பேஸும் புழங்கும் இடம் அது. இந்த அதிர்வு சுவரோரம் வீங்கிக் கேட்கும், அறையின் நட்டநடுவில் காணாமலே போகும். நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தவருக்கு பேஸ் போதவில்லை என்று தோன்றும், ஏற்றுவார். அந்தப் பாட்டை காரில் போட்டால் கதவு அதிரும். எதிர்ச் சுவரிலிருந்து அறை நீளத்தில் சுமார் 38 சதவீதத் தொலைவில் உட்காருங்கள். இது தொடக்கத்துக்கான கணக்குதான், அங்கிருந்து முன்னே பின்னே நகர்ந்து காதால் முடிவு செய்யுங்கள்.

முட்டை அட்டையை ஒட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது மேல் அலைவரிசையைக் கொஞ்சம் மழுக்கும், பேஸைத் தொடக்கூட தொடாது. தீப்பிடித்தால் ஆபத்து வேறு. மூலைகளில் நான்கு அங்குலத் தடிமனுக்கு ராக்வூல் (கல் இழைப் பலகை) வைத்துத் துணி போர்த்துங்கள். குரல் பதிவுக்கு மட்டும் என்றால், பாடுபவருக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிறுத்தி வைத்தாலே பாதி எதிரொலி அடங்கிவிடும்.

சென்னைக்கே உரிய இம்சைகளும் உண்டு. ஏ.சி.யை அரை மணி நேரம் முன்பே ஓடவிட்டு, டேக்கின்போது அணைத்துவிடுங்கள். கண்டென்சர் மைக்கைக் கடற்கரை ஈரக்காற்றில் ஸ்டாண்டிலேயே விட்டால் ஒருநாள் படபடவென்று சத்தம் போடத் தொடங்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் போகட்டும். ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு மின் இணைப்பில், பெரும்பாலும் எர்த்திங்கில் இருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் யூடியூப் அண்ணன்களைக் கேட்காதீர்கள், அது உயிருக்கு உலை வைக்கும் யோசனை.

அடுத்தது கட்டை, அதாவது பாட்டின் சுருதி. டிராக் முழுவதும் போட்டு முடித்தபின் பாடகியைக் கூப்பிட்டு, மேல் ஸ்தாயியில் அவர் திணறும்போது “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க மேடம்” என்பது வாடிக்கையாகிவிட்டது. மிடியில், அதாவது ஒலியாக அல்லாமல் ஸ்வரக் குறிப்பாகப் பதிவாகும் முறையில், வாசித்ததை ஒரு நொடியில் கீழே இறக்கலாம். பதிவான வீணையையும் கிதாரையும் இறக்கினால் நாதம் கெட்டுவிடும். யார் பாடப்போகிறார், அவருக்கு எந்தக் கட்டை சௌகரியம் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் அரேஞ்ச்மென்ட்டைத் தொடங்க வேண்டும்.

பதிவின்போது மீட்டரை சிவப்புவரை ஏற்றுவது டேப் காலத்து வழக்கத்தின் மிச்சம். 24 பிட் டிஜிட்டல் பதிவில் அதற்குத் தேவையே இல்லை. சராசரி மைனஸ் 18 டெசிபல் பக்கம், உச்சம் மைனஸ் 10-லிருந்து மைனஸ் 6-க்குள் நிற்கட்டும். மீட்டரின் உச்ச எல்லையான பூஜ்யத்தைத் தாண்டி வெட்டுப்பட்ட அலையை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. பாடுபவர் தாளத்துக்குப் பின்தங்குகிறார் என்று கடிந்துகொள்ளும் முன் பஃபர் அளவை, அதாவது கணினி ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பதைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் குரல் உள்ளே வர 21 மில்லி செகண்ட், திரும்ப ஹெட்ஃபோனுக்குப் போக இன்னொரு 21. தன் குரலே தாமதமாகக் கேட்டால் யார்தான் சரியாகப் பாடுவார்? பதிவுக்கு 128, மிக்ஸிங்குக்கு 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது பிட்ச் திருத்தம். 1997-ல் வெளிவந்த ஆட்டோ-டியூன் மென்பொருளும் அதன் வாரிசுகளும் குரலை அருகிலுள்ள அரை ஸ்வரத்துக்கு இழுத்து நிறுத்துபவை. நம் பாட்டில் ஸ்வரம் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்தபடிதான் அது பாடப்படுகிறது. குரலை இழுக்கும் ரீடியூன் வேகத்தை உச்சத்தில் வைத்து, ஸ்கேலை பன்னிரண்டு ஸ்வரமும் உள்ள குரோமேட்டிக்கிலேயே விட்டுவிட்டால், அந்த அசைவு முழுவதும் படிக்கட்டாக உடைந்துவிடும். தோடியில் இல்லவே இல்லாத ஸ்வரங்களும் நடுவே எட்டிப்பார்க்கும். மென்பொருள் சொன்னபடிதான் செய்தது, கேட்பவருக்கோ பாடகர் ஏதோ தப்பாகப் பாடியதுபோல் இருக்கும். கமகம் (இப்படி ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) உள்ள வரிகளைத் தானியங்கி முறைக்கே விடாதீர்கள். கிராஃப் முறையில் திறந்து, விலகிய நீண்ட ஸ்வரத்தை மட்டும் கையால் நகர்த்துங்கள். அதைவிட நல்லது, இன்னொரு டேக் கேட்பது.

பிரீசெட்களும், அதாவது முன்பே அமைத்து வைத்த அளவுகளும், இதே ரகம்தான். தாள வாத்தியத்துக்கு என்று வரும் ரெடிமேட் ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியிருந்தால், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் வரும் கும்கி என்ற ஆழ்ந்த நாதத்தில் சதைப்பற்றே போய்விடும். வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்திருந்தால், ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ்) திருப்பிப் போட்டுக் கேளுங்கள். எந்த நிலையில் ஒலி கனமாக இருக்கிறதோ அதுதான் சரி.

மிக்ஸிங்கில் சத்தமாக வைத்துக் கேட்பது இன்னொரு பொறி. சத்தம் குறையும்போது பேஸும் உச்சப் பகுதியும் காதுக்கு மங்கிக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தமாக வைத்து முடித்த மிக்ஸ், அளவாக வைத்துக் கேட்கும்போது ஒல்லியாகத் தெரிவது அதனால்தான். பேசும் குரலளவில் வேலை செய்யுங்கள். இடது வலதை ஒன்றாக்கி மோனோவில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில், உச்சங்களை அழுத்திச் சத்தத்தைக் கூட்டும் லிமிட்டரைப் போட்டு நசுக்கினாலும் பெரிய லாபமில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) பக்கம் எல்லாப் பாட்டையும் சமப்படுத்துகின்றன. மைனஸ் 8-ல் அனுப்பினால் 6 டெசிபல் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும்.

இனி பிழைப்பு. இசையமைப்பாளர் ஆவது, இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று நினைப்பதில் பலர் நல்ல வருடங்களைத் தொலைக்கிறார்கள். இந்த ஊரில் டப்பிங் பதிவு, வசன எடிட்டிங், காலடி போன்ற ஒலிகளைப் படத்துக்கு ஏற்ப உருவாக்கும் ஃபோலி, படப்பிடிப்பில் நேரடி ஒலிப்பதிவு, மார்கழியில் சபா கச்சேரிகளுக்கு லைவ் சவுண்ட் என்று வேலைகள் ஏராளம். தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம்.

உரிமை விஷயத்தில் அசட்டை வேண்டாம். 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை, சட்டப்படியான வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர, வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. அதை வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். போன்ற காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். மிக்ஸிங் இன்ஜினியருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அவருக்குக் கிடைப்பது பேசி முடித்த தொகைதான். அதனால் வேலை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மொத்தம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கிரெடிட்டில் பெயர் எப்படி வரும், எத்தனை முறை திருத்தம். திருத்தத்துக்கு எல்லை போடாவிட்டால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று ஃபோல்டர் நிறையும், கணக்கில் பணம் ஏறாது. தனித்தனி டிராக்குகளைப் பாக்கி வந்தபிறகு கொடுங்கள். அதுவரை கேட்டுப் பார்க்க எம்பி3 போதும்.