கொமிட் போட்டால் மட்டும் போதாது

"வீட்டில கொமிட் போட்டனான் அண்ணா, இங்க ஒன்றையும் காணேல்ல!" கல்முனையிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர், வகுப்புக் கணினியில் தன் வேலையைத் தேடி முழித்தார். நானும் ஒருகாலத்தில் இப்படி முழித்தவன்தான்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலின் வேலைக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய, கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' மென்பொருளில், கொமிட் (அதாவது மாற்றங்களின் பதிவு) உங்கள் கணினிக்குள்ளேயே பதிவாகும். கரண்ட் போய் வைஃபை நின்றாலும் மடிக்கணினியில் போடலாம். அதை வெளியே உள்ள சேவருக்கு அனுப்ப 'கிட் புஷ்' வேண்டும். மற்றக் கணினியில் முதல் தடவை முழுப் பிரதி எடுக்க 'கிட் க்ளோன்', பிறகு புதிய மாற்றங்களை எடுக்க 'கிட் புல்'.

பஸ்ஸுக்கு ஓடுமுன் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) 'கிட் ஸ்டேட்டஸ்' அடியுங்கள். 'அஹெட்' என்று ஓர் எண்ணோடு காட்டினால், அத்தனை கொமிட்டும் இன்னும் வீட்டிலேதான். ஆனால் நீங்கள் வேலை செய்யும் கிளை (பிராஞ்ச்) சேவரில் உள்ள கிளையோடு ஏற்கெனவே இணைந்திருந்தால்தான் அது காட்டும்; புதுக் கிளை என்றால் 'கிட் புஷ் -யு' கொடுத்து இணைக்கலாம்.