மரம் சாய்க்கும் ஆப்பு: எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் நிற்கும் சில்வர் ஓக் மரங்களை வெட்டுவதுதான் என் பிழைப்பு. சரிவில் மரம் நினைத்த பக்கம் சாயாமல், அறுத்த வெட்டின் மேலேயே பின்னால் உட்கார்ந்துவிட்டால் செயின்சா வாளும் மாட்டும், ஆளுக்கும் ஆபத்து. அதைத் தடுப்பது வெட்டுக்குள் அடித்து இறக்கும் ஆப்புதான். (1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் மரத்தில் கை வைக்காதீர்கள்.)

செயின்சா வேலைக்கு இரும்பு ஆப்பு வேண்டவே வேண்டாம். சங்கிலி அதில் பட்டால் பல் போய்விடும், சில நேரம் சங்கிலியே அறும். அதை விறகு பிளக்க வைத்துக்கொள்ளுங்கள். மரம் சாய்க்கப் பிளாஸ்டிக் ஆப்பு நல்லது. மேலே வரிவரியாகப் பல் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், ஈர மரத்தில் வழுக்கி வெளியே வராது. நிறம் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ இருந்தால் சருகுக்குள் விழுந்தாலும் கண்ணில் படும். கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த கற்பூர மரக்கட்டையில் (யூகலிப்டஸ்) நார் நீளவாக்கில் ஓடும்படி செதுக்கிக்கொள்ளலாம்.

நீளம்தான் முக்கியம். 50 செ.மீ. குறுக்களவுள்ள மரத்தில், சாய வேண்டிய பக்கம் போடும் முன்வெட்டும், நடுவில் வெட்டாமல் விடும் கீலும் போக, பின்பக்கம் 33 செ.மீ. போலத்தான் மிஞ்சும். அங்கே 10 அங்குல ஆப்பு சரி. 30 செ.மீ. மரத்தில் அதே ஆப்பை அடித்தால் முனை கீலில் போய் முட்டும், அதற்கு ஐந்தரை அங்குலம் போதும். 10 அங்குல ஆப்பு முழுக்க இறங்கினால் ஏறத்தாழ 1 அங்குலம் தூக்கும். அந்த 50 செ.மீ. மரம் 20 மீட்டர் உயரம் என்றால், உச்சி ஒன்றரை மீட்டர் முன்னே நகரும். பின்சாய்வு அதற்கு மேல் இருந்தால் கயிறும் வின்ச்சும்தான் வழி. பக்கவாட்டுச் சாய்வை ஆப்பு திருத்தாது.

எதிர்ப்பக்கமிருந்து கீலை நோக்கி அறுக்கும் பின்வெட்டில், வாளுக்குப் பின்னால் ஆப்புக்கு இடம் கிடைத்ததுமே செருகிவிடுங்கள். மரம் உட்கார்ந்த பிறகு எந்த ஆப்பும் நுழையாது. "அண்ணே, இன்னும் கொஞ்சம் அறுத்துட்டு வைக்கலாமே" என்று பையன்கள் கேட்பார்கள். விடக்கூடாது. அடிக்கும்போது வாளை நிறுத்திவிட்டு, உச்சியைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள், காய்ந்த கிளை கழன்று வரும்.

அப்புறம், பராமரிப்பு. அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை ஓரம் விரிந்து மடங்கும். அந்த மடிப்பை அரத்தால் தேய்த்து ஓரத்தைச் சாய்வாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அடியில் சில்லு தெறிக்கும். கண்ணாடி போடாமல் அடிக்கவே கூடாது. சங்கிலி பட்டு நுனி கிழிந்திருந்தால் கிழிசல் போகும்வரை அராவி, இரு பக்கமும் ஒரே சரிவில் கொண்டுவாருங்கள். நுனியைக் கத்தியாக்கிவிட வேண்டாம், மெல்லியது சீக்கிரம் மடங்கும். டிசம்பர், ஜனவரியில் பனி உறையும் காலையில் பிளாஸ்டிக் முறுகி உடையும் என்பதால் வண்டிப் பெட்டியில் விடாமல் வீட்டுக்குள் வைப்பேன். உடலில் விரிசல் விட்ட ஆப்பை அராவிப் பயனில்லை, அன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.