நன்றாகக் கொதித்துவிட்டால் போதுமா? வீட்டில் சாஸ் அடைப்பவர்கள் செய்யும் தவறுகள்

தக்காளி மலிந்த நேரத்தில் சாஸ் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, மாதக்கணக்கில் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று பலர் இறங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் "அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன், கிருமியெல்லாம் செத்திருக்கும்" என்று நம்புவது ஆபத்து.

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவம்) கொதிநீரின் 100 டிகிரி சூட்டிலும் பிழைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பாட்டிலும் புளிப்பில்லாத உணவும் கிடைத்தால் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். வாடையோ ருசியோ மாறாமலே இருக்கலாம். 2015-இல் அமெரிக்காவின் ஒஹையோவில், ஒரு தேவாலய விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்ட 29 பேர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அந்தக் கிழங்கு வீட்டில், வெறும் கொதிநீர் முறையில், அதாவது பாட்டிலைக் கொதிக்கும் நீரில் மூழ்கவைத்து, அடைத்தது.

ஆகவே முறையை முடிவு செய்வது புளிப்புதான். புளிப்பை அளக்கும் எண் பிஹெச்; புளிப்பு கூடினால் அது குறையும். பிஹெச் 4.6-க்கு மேல் போகாத சாஸுக்குக் கொதிநீர் முறை போதும். அதைத் தாண்டினால், 116 டிகிரியும் அதற்கு மேலும் எட்டும் பிரஷர் கேனர் (பாட்டில்களை நீராவி அழுத்தத்தில் சூடாக்கும் பெரிய பாத்திரம்) வேண்டும். தக்காளியோ அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. நன்றாகப் பழுத்தால் புளிப்பு இன்னும் குறையும். அதனால் அரை லிட்டர் பாட்டில் ஒவ்வொன்றிலும் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போடுங்கள். கடையில் விற்கும் பாட்டில் எலுமிச்சைச் சாறு என்றால் ஒரு மேசைக்கரண்டி. வீட்டில் பிழியும் பழத்தின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், அதை நம்ப வேண்டாம். பானையில் மொத்தமாகக் கலக்காமல் பாட்டிலிலேயே விட்டால்தான் அளவு சரியாக இருக்கும்.

வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், கறி என்று கை போன போக்கில் சேர்த்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். சோதித்துப் பார்த்த செய்முறையின் அளவை மாற்றாதீர்கள். சோளமாவும் வேண்டாம், கெட்டியான சாஸின் நடுவரை சூடு போய்ச் சேராது. பாட்டிலைத் திறந்த பிறகு கலந்துகொள்ளலாம்.

நம் விசில் குக்கரைப் பிரஷர் கேனராக நினைக்கிறவர்களும் உண்டு. குக்கர் சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் ஆறிவிடும். செய்முறைகளில் உள்ள நேரமோ பெரிய கேனர் மெதுவாகச் சூடேறி ஆறுவதையும் சேர்த்துக் கணக்கிட்டது. சூடாக ஊற்றிப் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பது, ஓவனில் வைப்பது இரண்டும் உதவாது. மூடி 'டக்'கென்று உள்வாங்கினால் பாட்டில் காற்றுப் புகாமல் மூடிக்கொண்டது என்று பொருள், வித்து செத்தது என்று பொருள் அல்ல. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான ஊர்களில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். நேரத்தைக் கூட்டியாக வேண்டும்.

பாட்டியின் தொக்கு மட்டும் கெடவில்லையே என்று கேட்கலாம். அதைக் காப்பது உப்பும் புளிப்பும், நீர் வற்றக் கிளறுவதும். சாஸில் அவ்வளவு உப்பும் கிடையாது, நீரும் வற்றுவதில்லை.

மூடி உப்பியிருந்தால், திறக்கும்போது பீய்ச்சி அடித்தால், நாக்கில் வைத்துப் பார்க்காமல் அப்படியே குப்பையில் போடுங்கள். கேனர் இல்லாத வீட்டுக்கு என் பரிந்துரை ஃப்ரீசர்தான்: சாஸை ஆறவிட்டு, விரிவதற்கு மேலே ஓர் அங்குலம் இடம் விட்டு, ஒரு வேளைக்கு வேண்டிய சிறு டப்பாக்களில் வையுங்கள்.